களைக்கு வேலி போட்ட ஆளு

காலைச் சித்தெ அக்கட்டால வச்சுக்குங்க கண்ணு. கூடைக்குள்ள அரசாணிக்காய் இருக்குது. உங்க பக்கமெல்லாம் பரங்கிக்காய்ம்பாங்களே, அதுதான். ஒதை பட்டுச்சுன்னா தோலு கன்னிப் போயிரும். வேற காயா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. இது சீருக்குப் போற காய்.

கண்டக்டர் பையனைப் பார்த்தீங்களா? எனக்கு டிக்கெட் வேண்டாமாம், காய்க்கு லக்கேஜ் போடோணுமாம். "ஏந் தம்பி, நீ அரசாணிக்காயே பார்த்ததில்லையா"ன்னு கேட்டேன். "இத்தாப் பெருசு பார்த்ததில்லீங்க ஆத்தா"ன்னுட்டான். அப்படிச் சொன்னவன்கிட்டச் சண்டை போட மனசு வருமுங்களா? போட்டுக்க சாமின்னுட்டேன்.

நீங்களும் காங்கயமா? நல்லதாப் போச்சு. எம்பொண்ணை அங்கதானுங்க பக்கத்துல கட்டிக் குடுத்திருக்கேன். ஆவணியில கல்யாணம், இப்பத் தலைப் பொங்கல். சேலை, வேட்டி, பச்சரிசி, வெல்லம், கரும்பு எல்லாத்தையும் எம்பையன் காருல கொண்டு போயிட்டான். இதையும் டிக்கியில போடுன்னான். கரும்புக்கு அடியில போட்டு நசுக்கறதுக்கா நான் இத்தனை மாசம் சீரழிஞ்சேன்? நீ போடா, நான் கையோட கொண்டாறேன்னு பஸ் ஏறிட்டேன்.

ஒரு காய்க்கு இத்தனை அலப்பறையான்னு நீங்க நெனைக்கறது தெரியுதுங்க. சம்பந்தியம்மாவை நீங்க பார்த்ததில்லை. நாச்சம்மான்னு பேரு. தோட்டம், மாடு, தென்னைன்னு வசதியான குடும்பம். போன மாசியில பொண்ணுப் பார்க்க வந்தன்னிக்கே எங்கூட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "சைட்டுல குடியிருக்கறவங்களுக்குக் கறிவேப்பிலைகூடக் கடைதானுங்களே, பாவம்"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அப்படியே கையைப் புடிச்சு வீட்டுக்குப் பின்னால பொடக்காணிக்குக் கூட்டிட்டுப் போயி எங்கொடியைக் காட்டினேன். ஆறேழு காயி, ஒவ்வொண்ணும் பானையாட்டம் உக்காந்திருந்துச்சு. "பாருங்க, தலைப் பொங்கலுக்கு எங்கூட்டு அரசாணிக்காய்தான் உங்கூட்டுக் கொழம்புல வேகும்"னு சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேருக்கு முன்னாலயும் சொல்லிப் போட்டேன்.

சொன்னது போதாதா? அதுக்கப்பறம் எப்பப் போன் பண்ணினாலும் இதே பேச்சுத்தான். எம்பொண்ணு எப்படி இருக்கறாள்னு நான் கேப்பேன். "அவ நல்லா இருக்கறா, கொடி எப்படி இருக்குது"ம்பாங்க.

கொடிக்கு என்னங்க? என்ற கைராசி அப்படி. எங்க லேஅவுட்டுல யாரு கேட்டாலும் சொல்லுவாங்க, துளசிமணி வச்சா வேலிக்குச்சியும் தழையும்னு. மூணு வருசமா அரசாணிக்காய்க்கு நான் கடைக்கே போனதில்லை. அதுக்கு முன்னாலயும் வச்சேன், அப்பக் காய்க்கலீங்க. மண்ணு புதுசு, அதனால. அப்பறம் என்ற கை மண்ணுக்குப் பழகிருச்சு.

அந்த மூணு வருசம்னா, பக்கத்துச் சைட்டுக்குச் சென்னியண்ணன் குடி வந்ததுல இருந்து. அவரு கதையைச் சொல்லாம என்ற கஷ்டம் உங்களுக்கு வெளங்காது.

சென்னியப்பன்னு பேரு. நூல் மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க, மகன் ஓசூர்ல இருக்கறான், ஒத்தை ஆளு. அவரு வீட்டுக்கும் எங்கூட்டுக்கும் நடுவால இருக்கற சைட்டும் அவருதே. அதுல ரோசாச் செடி வைக்கலாம், குரோட்டன்ஸ் வைக்கலாம், ஒண்ணுமில்லாட்டி வாடகைக்குக் காரு நிறுத்த உடலாம். மனுசன் என்ன வச்சாரு தெரியுமுங்களா? தும்பை. ஆமாங்க, ரோட்டோரத்துல தானா மொளைக்குமே, வெள்ளைப் பூவு, அதே தும்பைதான். ஆடியில மழை விழுந்ததும் நெலத்தைக் கொத்தி, எங்கயோ பொறம்போக்குல இருந்து கொண்டாந்த வெதையை மண்ணுல கலந்து தூவினாரு. அது மொளைச்சதும் சுத்தியும் வேலி வேற. களையைப் புடுங்கறவங்களைப் பார்த்திருக்கேன், களைக்கு வேலி போட்ட ஆளை அன்னிக்குத்தானுங்க பார்த்தேன். மாசியில செடி காஞ்சு கருவாடாட்டம் நிக்கும், அப்பவும் புடுங்க மாட்டாரு. வெதை உதிரோணுமாம். உதிர்ந்தாத்தான் அடுத்த மழைக்கு மொளைக்குமாம். அந்தக் குப்பைக்காட்டைப் பார்த்துட்டு எங்கூட்டுக்கு வர்ற ஒறம்பரைக எல்லாம், பக்கத்துல ஆளு இல்லாத வீடான்னு கேப்பாங்க.

எதுக்குங்கண்ணா இதுன்னு ஒருக்காக் கேட்டேன். கேட்டேன்னா கத்தினேன். மில்லுச் சத்தத்துல அவருக்குக் காது போயிருச்சு, கத்தினாத்தான் கேக்கும். "தேனீ வருமுங்க அம்மிணி, பட்டாம்பூச்சி வருமுங்க"ன்னாரு. வந்து? "வந்தாச் சத்தம் கேக்குமுங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. நான் கத்தறதே கேக்கலை, தேனீச் சத்தம் கேக்குதாம்!

ஆனாப் பாருங்க, தெனம் காத்தால செடிக்குள்ள குத்த வச்சு உக்காந்துக்குவாரு. தலையைச் சாய்ச்சுக் காதைப் பூவுகிட்டக் கொண்டு போயி அப்படியே இருப்பாரு. "மெசினு ஓடுன சத்தம் இன்னும் காதுக்குள்ளயே நிக்குதுங்க அம்மிணி, தூங்க உட மாட்டேங்குது. இதுககிட்ட உக்காந்தாத்தான் கொஞ்சம் அடங்குது"ன்னாரு. தனியா இருக்கற மனுசன், ஏதோ சொல்லறாருன்னு நானும் உட்டுட்டேன். நான் எப்பவும் அடுத்தவங்க விசயத்துல தலையிடற ஆளு இல்லீங்க.

இந்த வருசம்தான் வம்பு ஆரம்பிச்சுது. எம்பொண்ணுக்கு நல்ல எடமா அமைஞ்சா எங்க லேஅவுட்டு ஈஸ்வரன் கோயிலுக்குத் தும்பைப் பூ மாலை போடறேன்னு வேண்டியிருந்தேன். கல்யாணம் முடிஞ்சதுல இருந்து பொங்கல் வரைக்கும், தெனமும். எடம் அமைஞ்சிருச்சுங்களே, அப்பறம் செய்யாம உட முடியுமா? தும்பைப் பூ எத்தினியூண்டு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரு மொழம் தொடுக்கோணும்னா ஒரு காட்டையே பறிக்கோணும். காட்டுக்கு நான் எங்க போறது? எங்க ஊரைச் சுத்திக் காடெல்லாம் சைட்டாப் போட்டுட்டாங்க. பூவு இருக்கறது சென்னியண்ணன்கிட்ட மட்டுந்தான்.

பறிச்சேன். கோயிலுக்குன்னா யாரு வீட்டுப் பூவையும் பறிக்கலாம், அதுல என்னங்க தப்பு? நீங்க பறிச்சதில்லையா? விடியறதுக்குள்ள நானும் எங்க தெருப் பொம்பளைங்களும் ஆளுக்கொரு டப்பாவை எடுத்துக்கிட்டுப் போவோம். மொட்டை உட்டு வச்சாக்கூட மத்தியானம் பூத்துச் சாமிக்கு ஆகாமப் போயிருமேன்னு அதையும் சேர்த்துத்தான் பறிச்சோம். ஒரு பூவை வீணாக்கினதில்லை.

நாலு நாள் பார்த்தாரு, ஒரு போர்டு எழுதித் தொங்க உட்டுட்டாரு. 'இந்தப் பூக்கள் தேனீக்களுக்கு. பறிக்க வேண்டாம்.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேராப் போயி, "ஏனுங்கண்ணா, ஈஸ்வரனுக்கு மிஞ்சியா தேனீ?"ன்னு கேட்டேன். "ஈஸ்வரன் பறந்து வந்து தேன் குடிக்கறதில்லீங்களே அம்மிணி"ன்னாரு. எத்தனை தைரியம் பாருங்க. சாமி விசயத்துல வெளையாட்டு.

சும்மா உடுவனா? அசோசியேசன்ல பிராது குடுத்தேன். ஞாயித்துக்கெழமை மீட்டிங்குல எல்லாருக்கும் முன்னால கேட்டேன். "இது களையா, பூவா? களைன்னாப் புடுங்கிப் போடோணும், பாம்பு அடையும். பூவுன்னாக் கோயிலுக்குக் குடுக்கோணும். ரெண்டுல ஒண்ணு சொல்லட்டும்"னேன். செகரட்டரி அசந்து போயிட்டாரு. வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும் நீங்கன்னாரு. பாவம், சென்னியண்ணனுக்குப் பாதிக்கு மேல கேக்கவே இல்லை. பேசற வாயெல்லாம் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில, எங்கூட்டுச் செவுத்தை ஒட்டுன மூலையில ஒரு கட்டில் போடற எடம் அவரு தேனீக்கு, மத்ததெல்லாம் கோயிலுக்குன்னு முடிவாச்சு. நாந்தான் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன். அவரு அந்த மூலைக்கு மட்டும் முள்ளை வெட்டிச் சுத்தியும் அடைச்சு வச்சுக்கிட்டாரு.

ஈஸ்வரனுக்கு நடந்த அலங்காரத்தை நீங்க பார்த்திருக்கோணும். வெள்ளை வெளேர்னு மாலை, கழுத்துல இருந்து ஆவுடை வரைக்கும். குருக்களே, "இந்த மாதிரித் தும்பை மாலை பேரூர்க் கோயில்லகூடப் பார்த்ததில்லைம்மா"ன்னாரு. அத்தனை புண்ணியம் பண்ணியும் எனக்கு என்ன நடந்துச்சு தெரியுமுங்களா?

எங்கொடி காய்க்கலை.

பூக்காம இல்லீங்க. மஞ்சமஞ்சேர்னு வாசல் வரைக்கும் பூவு. பிஞ்சும் வருது, கோலிக்குண்டு தண்டி வருது, ரெண்டு நாள்ல மஞ்சளாப் பழுத்து அழுகி விழுந்திருது. ஐப்பசி பூரா இதே கதைதான். தெனம் காத்தால போயி விழுந்த பிஞ்சை மடியில பொறுக்கிக்கிட்டு வருவேனுங்க. இங்க பிஞ்சு விழுகுது, அங்க சம்பந்தியம்மா போன்ல, "கொடி எப்படி இருக்குது?" நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்லறது?

கண்ணு பட்டிருச்சுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். பழைய செருப்பைக் கொடியில கட்டித் தொங்க உட்டேன். உரக்கடையில கேட்டு, இருக்கறதுலயே காரமான மருந்தா வாங்கி, காத்தாலயும் சாயங்காலமும் அடிச்சேன். அப்பச் சென்னியண்ணன் செவுத்துக்கு மேல தலையை நீட்டி, "பூச்சி வராம எப்படிங்க அம்மிணி காய் புடிக்கும்"னாரு. வந்துச்சு பாருங்க ஆத்திரம். "பூச்சி வரக் கூடாதுன்னுதானுங்களே மருந்தே அடிக்கறேன்!"னு கத்தினேன். தேனீங்க இந்த வருசம் ரொம்பக் கொறைஞ்சு போச்சு, அது இதுன்னு என்னமோ மொனகிக்கிட்டே போனாரு. எம்பொண்ணு மானம் போகுது, அவருக்குத் தேனீ போச்சுன்னு கவலை.

எம்பையன் சொன்னான், சந்தையில ஒண்ணு வாங்கிக்கலாம்மான்னு. நாச்சம்மாகிட்ட அது நடக்குமுங்களா? காம்பைப் பார்த்தே எப்ப அறுத்ததுன்னு சொல்லற ஆளு. மாட்டிக்கிட்டா எனக்கு ஒரு நாள் அவமானம், எம்பொண்ணுக்கு? மாமியா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா, உங்காத்தா கடைக்காயைக் கொண்டாந்தவதானேன்னு. எனக்கு ராத்திரியில தூக்கமே போச்சுங்க.

அப்பத்தான் கார்த்திகை மொதல்ல ஒரு நாள் சென்னியண்ணன் வந்து கேட்டுல நின்னாரு. "அம்மிணி, உங்க கொடி செவுத்தைத் தாண்டி என்ற பக்கம் எறங்கிருச்சு. ஒரு காய் புடிச்சிருக்குது"ன்னாரு.

ஓடினேன். அந்த முள்ளடைச்ச மூலை இருக்குதுங்களே, அதுக்குள்ள, தும்பைக்கு நடுவால, தேங்காய் தண்டிக்குக் காயி. அழுகலை ஒண்ணுமில்லை, பளபளன்னு இருக்குது. மனுசன் அடியில வைக்கோல் பரப்பி, காய் மண்ணுல படாம உக்கார வச்சிருக்கறாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. ஈஸ்வரன் கை உடலை பாருங்க. மாலைக்கு மாலை, காய்க்குக் காய். "என்ற கொடிதானுங்களே"ன்னேன். காயைக் குடுக்க மாட்டேன்னு சொல்லிருவாரோன்னு ஒரு பயம். "உங்க கொடிதானுங்க, பொங்கலுக்கு வந்து அறுத்துக்குங்க. செடியை மட்டும் மிதிக்காம வாங்க, வெதை கட்டற நேரம். இந்த மூலையில உதிர்ந்தாத்தான் அடுத்த வருசத்துக்கு வெதை"ன்னாரு. மிதிப்பேனுங்களா? ஒரு செடியை மிதிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்.

மிதிக்கலீங்க. அதை நான் எங்க வேண்ணாலும் சொல்லுவேன்.

நேத்துத்தான் காயை அறுத்தேன். நேத்து நாங்க காப்புக் கட்டற வேலையிலயும் இருந்தோம். இன்னிக்குப் போகி, சாயங்காலம் வீட்டுக்கு வீடு கூரையில தழைக்கொத்துச் சொருகிக் காப்புக் கட்டோணுமில்லீங்களா, லேஅவுட்டு மொத்தத்துக்கும் கோயில்ல இருந்து நாங்கதான் கட்டிக் குடுக்கறது. வேப்பிலை இருக்குது, ஆவாரம்பூ ஒரு கொத்துக் கெடைச்சுது. பூளைப்பூவு எங்க தேடியும் இல்லை. மொளைக்கறதுக்கு மண்ணு வேணுமே, எல்லாம் தார் ரோடும் காம்பவுண்டும்தான். எல்லாரும் கையைப் பெசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நாந்தான் சொன்னேன், "பூளைக்குப் பதிலாத் தும்பை வச்சுக் கட்டலாம், எங்கம்மா ஊருல அதையும் சேர்ப்பாங்க"ன்னு. அத்தனை பேருக்கும் போன உசுரு வந்துச்சு.

மத்த எடத்துல செடி இருந்துச்சு, ஆனாப் பூவு ஏது? நாங்கதான் தெனம் பறிச்சிருந்தமே. மொட்டைக் குச்சியா நின்னுச்சு. மூலையிலதான் பூவும் காயுமா, இடுப்பு ஒசரத்துக்கு. காயை அறுக்க முள்ளை எடுத்தாச்சு, எப்படியும் தெறந்துதான் கெடக்குது. சென்னியண்ணனைக் கேக்கலாம்னாப் பூட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. காப்புக்கு ஒரு கொத்துக் கேட்டா மாட்டேன்னா சொல்லிரப் போறாரு? மிதிக்காம, ஒவ்வொண்ணா, வேரோட அலுங்காமப் புடுங்கினோம். ஒடிச்சா வாடிருமுங்க, வேரோடன்னா நிக்கும். பொம்பளைங்க கை பட்டதுக்கு அப்பறம் அந்த எடத்தைப் பார்க்கோணும் நீங்க. கூட்டி மொழுகின வாசலாட்டம் ஆயிருச்சு. காஞ்சு நின்ன மொட்டைக் குச்சிகளையும் விடுவானேன்னு சேர்த்துப் புடுங்கி, போகிக்கு ஆச்சுன்னு கொளுத்தற எடத்துல கொண்டு போயிக் குமிச்சுட்டோம்.

சாயங்காலம்தான் வந்தாரு. காதுல மெசினு. புதுசு, தோல் நெறத்துல, ஒட்டினாப்பல இருந்துச்சு. மகன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். மொகமெல்லாம் சிரிப்பு, கையில மிட்டாய்ப் பெட்டி. வீட்டுக்குள்ளகூடப் போகலை, நேராச் சைட்டுக்குத்தான் வந்தாரு. மூலைக்கு வந்து நின்னாரு. நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. தலையைச் சாய்ச்சு, எப்பவும் போலக் காதைக் கீழ கொண்டு போனாரு. வெறும் மண்ணுங்க. என்னத்தைக் கேக்கறது?

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பேச்சுக் குடுக்கலாம்னு, "மெசினு வச்சுட்டீங்களாங்கண்ணா? நல்லாக் கேக்குதுங்களா?"ன்னேன். கத்தக்கூட இல்லை, சாதாரணமாத்தான் கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்தாரு. "நல்லாக் கேக்குதுங்க அம்மிணி. நீங்க பேசறதெல்லாம் கேக்குது"ன்னாரு. சொல்லிட்டு அந்த மெசினைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. எத்தனை செலவு பண்ணி வாங்கியிருப்பான் மகன்? இந்தக் காலத்துல பெத்தவங்களுக்கே பொருளோட அருமை தெரியறதில்லை.

எனக்குப் பொக்குனுதான் இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவரு செடிதானேன்னு, எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்த காப்பு, அவருக்கு மட்டும் ரெண்டாக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு.

இன்னிக்குக் காத்தால நான் பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப அவரே வந்தாரு. "அந்தச் சைட்டுக்குச் சிமிட்டித் தளம் போட்டுரலாம்னு இருக்கறேனுங்க. யாராவது கொத்தனாரைத் தெரியுமுங்களா"ன்னு கேட்டாரு. காதுல மெசினு இல்லை. நான் கத்தித்தான் நம்பரு சொன்னேன். பாருங்க, எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரோணும். மூணு வருசமா அந்த மனுசனுக்கு வராத புத்தி, ஒரே ராத்திரியில வந்துருச்சு.

அட, ஊரு வந்தாச்சா? அந்தக் கூடையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடுங்க கண்ணு. பார்த்து, பார்த்து. இதை நேர்ல பார்த்தா நாச்சம்மா மொகம் எப்படிப் போகுதுன்னு பார்க்கத்தான் ஆசையா இருக்குது. காயோட போட்டோவை நேத்தே அனுப்பிட்டேன். அவங்க பொண்ணுக்கு அடுத்த வருசத் தையில கல்யாணம் வச்சிருக்கறாங்க. பந்திக்கு அரசாணிக்காய் எல்லாம் உங்கூட்டுல இருந்துதானுங்களேன்னு போன்லயே கேட்டுட்டாங்க. ஒரு வண்டி அனுப்பறேன்னு நானும் ஒத்துக்கிட்டேன். பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாலயே ஊரெல்லாம் சொல்லிட்டாங்களாம்.

அதுக்கென்னங்க? கொத்தனாருக்கு நானே போன் பண்ணிட்டேன், தை பொறந்ததும் வந்தர்றேன்னுட்டான். களை இல்லை, குப்பை இல்லை, செவுத்துக்கு அக்கட்டால சுத்தமாத் தளம் இருக்கும், எங்கொடி எத்தனை தூரம் வேண்ணாலும் படரலாம். இனிக் காய்க்காம எங்கீங்க போகுது?